வழியும் அளவும்: ஒரு பழைய டீசல் டிராக்டரின் லிவர்கள்

(உழவர்களும் பட்டறைத் தொழிலாளர்களும் மாணவர்களும் கூடிய அரங்கில் ஆற்றிய உரையின் அச்சு வடிவம்)



கார் நன்றாக ஓட்டத் தெரிந்த ஒருவரைப் பழைய டீசல் டிராக்டரில் உட்கார வையுங்கள். சாவியைத் திருப்புவார், ஸ்டார்ட்டர் சுற்றாது. பக்கத்தில் நிற்பவர் யாராவது சொல்லிக்கொடுத்து எஞ்சின் ஓடத் தொடங்கியதும், வேகம் குறையட்டும் என்று மிதியிலிருந்து காலை எடுப்பார், குறையாது. பதறிப்போய்ச் சாவியை அணைப்பார், எஞ்சின் நிற்காது. இந்த மூன்றிலும் வண்டியில் எந்தக் கோளாறும் இல்லை. கார் எப்படி நடந்துகொள்ளுமோ அப்படித்தான் இதுவும் நடந்துகொள்ளும் என்று நினைத்து அவர் வேறொரு வகை இயந்திரத்தில் கை வைத்திருக்கிறார், அவ்வளவுதான்.

இன்று நான் சொல்ல வந்தது ஒரே ஒரு செய்தி. பழைய டிராக்டரில் கைக்கும் காலுக்கும் எட்டுகிற இடத்தில் பத்துப் பன்னிரண்டு லிவர்கள், மிதிகள், குமிழ்கள் இருக்கும். அவற்றைத் தனித்தனியாக மனப்பாடம் செய்யத் தேவையில்லை. அவை பெரும்பாலும் இரண்டே இனம். ஓர் இனம், எஞ்சினின் சக்தி போகிற வழியைத் திறக்கும், மூடும். வாய்க்காலில் மடை செய்கிற வேலை அது. இன்னோர் இனம், ஓர் அளவை வைக்கும். வைத்த அளவைக் காப்பாற்றுவது இயந்திரத்தின் பொறுப்பு. எந்த லிவர் எந்த இனம் என்று தெரிந்துவிட்டால் வண்டி வசப்படும். இனத்தை மாற்றிப் புரிந்துகொண்டால் வண்டி கெடும். சில நேரம் ஆளே போய்விடுவார்.

பொதுவாகப் பேசினால் காற்றில் பேசியதாகிவிடும். ஆகவே ஒரு குறிப்பிட்ட வண்டியை எடுத்துக்கொள்கிறேன்: மாஸி பெர்குசன் 35. இங்கிலாந்தின் காவென்ட்ரி நகரில் பேனர் லேன் தொழிற்சாலையில் உருவான வண்டி. அதற்கு முன் அதே தொழிற்சாலையில் 1946 முதல் 1956 வரை டிஇ20 என்ற சாம்பல் நிறச் சின்ன டிராக்டர் ஐந்து லட்சத்துக்கும் மேல் செய்யப்பட்டது. 35 அதன் வாரிசு. முதலில் வந்த டீசல் 35-இல் ஸ்டாண்டர்ட் கம்பெனியின் நான்கு சிலிண்டர் எஞ்சின் இருந்தது. குளிர் காலையில் ஸ்டார்ட் ஆகவே மறுக்கும் என்று அதற்குக் கெட்ட பெயர். 1959 கடைசியில் அந்த இடத்துக்குப் பெர்கின்ஸின் மூன்று சிலிண்டர் எஞ்சின் வந்தது. 152 கன அங்குலம், அதாவது சுமார் இரண்டரை லிட்டர் கொள்ளளவு. அந்த எஞ்சினும் இந்த வண்டியும் சேர்ந்தபின் உலகமெங்கும் ஓடின. அந்த ஆண்டே மாஸி பெர்குசன் பெர்கின்ஸ் நிறுவனத்தை வாங்கிவிட்டது. அடுத்த ஆண்டு, 1960-இல், மாஸி பெர்குசன் கூட்டோடு சென்னையில் டாஃபே தொடங்கியது. நம் ஊர்க் களத்திலும் வயலிலும் நீங்கள் பார்க்கிற பழைய மாஸி 1035 இந்தக் குடும்பத்து வண்டிதான். ஆண்டுக்கு ஆண்டு, மாடலுக்கு மாடல் லிவரின் இடம் மாறும். அதன் வேலை மாறுவதில்லை.

எஞ்சினை உயிர்ப்பிப்பதும் நிறுத்துவதும்

சாவியைத் திருப்பியும் ஸ்டார்ட்டர் சுற்றாதது ஏன்? இந்த வண்டியில் கியர் லிவர்கள் இரண்டு. ஒன்றில் மூன்று முன் கியர், ஒரு ரிவர்ஸ். மற்றொன்று ஹை, லோ. மூன்றையும் ஒன்றையும் இரண்டால் பெருக்கினால் ஆறு முன் வேகம், இரண்டு பின் வேகம். ஹை, லோ இரண்டுக்கும் நடுவில் ‘ஸ்டார்ட்’ என்று எழுதிய ஓர் இடம் இருக்கும். லிவர் அங்கே நின்றால்தான் ஸ்டார்ட்டருக்கு மின்சாரம் போகும். அந்த நிலையில் எஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு கிடையாது. கியரில் நிற்கிற வண்டி ஸ்டார்ட் ஆகித் திடீரென்று பாயக்கூடாது என்பதற்காக வைத்த காப்பு அது. முந்தைய டிஇ20-இல் இன்னும் நேரடி ஏற்பாடு: கியர் லிவரையே எஸ் என்ற இடத்துக்குத் தள்ளினால்தான் ஸ்டார்ட்டர் சுற்றும்.

இந்தக் காப்பு சுவிட்ச் பழுதானால் நம் ஆட்கள் என்ன செய்கிறார்கள்? தரையில் நின்றபடி ஸ்க்ரூ டிரைவரை ஸ்டார்ட்டரின் இரண்டு முனைகளில் வைத்து நேராகச் சுற்றவிடுகிறார்கள். வண்டி கியரில் இருந்தால் பின்சக்கரத்துக்கு முன்னால் நிற்பது அவர்தான். தயவுசெய்து அந்தப் பழக்கத்தை விடுங்கள். சுவிட்ச்சின் விலை அற்பம்.

அடுத்தது சூடேற்றி. டீசல் எஞ்சினில் பொறி கிடையாது. சிலிண்டருக்குள் காற்றைச் சுமார் 17 மடங்கு நெருக்கும்போது அது 500 டிகிரிக்கும் மேல் சூடாகிறது. அந்தச் சூட்டில் டீசல் தானே பற்றிக்கொள்கிறது. வெளியே கடுங்குளிர் என்றால் இந்தச் சூடு போதாது. அதற்காகப் பெர்கின்ஸ் எஞ்சினின் காற்றுக் குழாயில் தெர்மோஸ்டார்ட் என்றொரு சிறு கருவி வைத்தார்கள். சாவியை அதற்குரிய நிலையில் சில வினாடி பிடித்தால் ஒரு கம்பிச்சுருள் பழுக்கக் காயும். அதன்மேல் கொஞ்சம் டீசல் சொட்டும். ஸ்டார்ட்டர் சுற்றும்போது அது எரிந்து, உள்ளே போகிற காற்றைச் சூடாக்கும். நம் சமவெளியில் இது பெரும்பாலும் சும்மாதான் இருக்கும். நீலகிரிக் காலையில் இதன் அருமை தெரியும்.

இனி நிறுத்துவது. பெட்ரோல் எஞ்சினில் மின்சாரத்தைத் துண்டித்தால் பொறி நிற்கும், எஞ்சினும் நிற்கும். டீசலில் துண்டிக்கப் பொறியே இல்லை. டீசல் கிடைக்கிறவரை எஞ்சின் ஓடும். அதனால்தான் டேஷ்போர்டில் தனியாக ஒரு குமிழ். அதை இழுத்தால் பம்பில் டீசல் அடைபடும், எஞ்சின் நிற்கும். வாடகைக்கோ விலைக்கோ எந்தப் பழைய டிராக்டரை எடுத்தாலும் ஸ்டார்ட் செய்வதற்கு முன்பே அந்தக் குமிழ் எங்கே இருக்கிறது, அதன் கேபிள் உயிரோடு இருக்கிறதா என்று பாருங்கள்.

வழி திறப்பவை

எஞ்சினின் சக்தி பின்பக்கம் போய் மூன்றாகப் பிரிகிறது: சக்கரத்துக்கு, பின்னால் மாட்டும் கருவியைச் சுற்றவைக்கும் பிடிஓ தண்டுக்கு, கருவியைத் தூக்கி இறக்கும் ஹைட்ராலிக் பம்புக்கு. வழி இனத்து லிவர்கள் எல்லாம் இந்த மூன்று கிளைகளில் எங்கோ ஓரிடத்தில் நிற்கின்றன.

முதலில் கிளட்ச். நல்ல வகை 35-களில் இது இரட்டை கிளட்ச். ஒரே மிதியில் இரண்டு நிலை. பாதி மிதித்தால் சக்கரத்துக்குப் போகிற சக்தி மட்டும் நிற்கும். முழுதாக மிதித்தால் பிடிஓவும் ஹைட்ராலிக் பம்பும் சேர்ந்து நிற்கும். இந்தப் பாதி மிதியின் மதிப்பை அறிய, அது இல்லாத வண்டியைப் பார்க்க வேண்டும். டிஇ20-இல் கிளட்ச் ஒற்றை. பிடிஓவில் ஓடுகிற கருவி திணறினால், வண்டியைக் கொஞ்சம் நிறுத்தி, சிக்கியதைக் கருவியே வெளியே தள்ளட்டும் என்று கிளட்ச்சை மிதித்தால் கருவியும் நின்றுவிடும். அதைவிடப் பெரிய ஆபத்து ஒன்றும் உண்டு. கனமான கத்தி சுழலும் புல்வெட்டியை மாட்டியிருந்தால், கிளட்ச்சை மிதித்த பிறகும் அந்தக் கத்தியின் வேகம் பிடிஓ தண்டு வழியாகத் திரும்பி வந்து கியர்பாக்ஸைச் சுற்றி, சக்கரத்தை ஓட்டிக்கொண்டே இருக்கும். ஓட்டுபவர் கிளட்ச்சில் நிற்கிறார், வண்டி வேலியை நோக்கிப் போகிறது. இதைத் தடுக்கத்தான் ஒரு திசையில் மட்டும் பிடிக்கிற கப்ளிங்கைப் பிடிஓ தண்டில் மாட்டுகிறார்கள். உங்கள் பழைய வண்டி ஒற்றை கிளட்ச்சா இரட்டை கிளட்ச்சா என்பதை ஓட்டுவதற்கு முன் அறிந்துகொள்வது இதனால்தான் முக்கியம்.

கியரைப் பற்றி ஒரு வார்த்தை போதும். காரில்போல் ஓடிக்கொண்டே மாற்றுவதற்கான கியர் இல்லை இது. நின்று, கிளட்ச்சை மிதித்து, போட வேண்டிய கியரைப் போட்டுக் கிளம்ப வேண்டும். டிராக்டரில் கியர் என்பது பயணத்தின் நடுவே எடுக்கிற முடிவு அல்ல, வேலை தொடங்குமுன் எடுக்கிற முடிவு.

பிடிஓ லிவருக்கு 35-இல் மூன்று நிலை. ஒன்றில் தண்டு எஞ்சினோடு சுற்றும். நடுவில் நியூட்ரல். இன்னொன்றில் சக்கரத்தோடு சேர்ந்து சுற்றும்: வண்டி நகர்ந்தால் சுற்றும், நின்றால் நிற்கும், பின்னால் போனால் தலைகீழாகச் சுற்றும். நடந்த தூரத்துக்கேற்ப விதை விழ வேண்டிய கருவிகளுக்கு இது பொருந்தும். நம் ஊரில் பலர் இதைத் தொட்டதே இல்லை. தெரியாமல் தட்டிவிட்டுப் ‘பிடிஓ வேலை செய்யவில்லை’ என்று மெக்கானிக்கைக் கூப்பிட்டவர்கள் உண்டு. எஞ்சின் நிலையில் தண்டின் வேகம் நிமிடத்துக்கு 540 சுற்று. எஞ்சின் சுமார் 1,500 சுற்றில் ஓடும்போது இது கிடைக்கும். டேஷ்போர்டு மீட்டரில் அதற்குக் குறியே போட்டிருப்பார்கள். 540 சுற்று என்றால் வினாடிக்கு ஒன்பது. தோளில் கிடக்கும் துண்டின் நுனி அதில் சிக்கினால், கை நகர்வதற்குள் துண்டு முழுதும் சுற்றிவிடும். மூடி இல்லாத பிடிஓ தண்டின் பக்கத்தில் வேட்டி, துண்டு, சேலைத் தலைப்போடு யாரும் போகக்கூடாது.

பிரேக் இரண்டு மிதி. இடது சக்கரத்துக்கு ஒன்று, வலது சக்கரத்துக்கு ஒன்று. வயலின் ஓரத்தில் திரும்பும்போது உள்பக்கத்து மிதியை மட்டும் அழுத்தினால் வண்டி சுருக்கமாகத் திரும்பும். சாலைக்கு வந்ததும் இரண்டையும் இணைக்கிற கொக்கியைப் போட்டாக வேண்டும். கொக்கி போடாமல் வேகத்தில் ஒரு மிதியை மட்டும் அழுத்தினால் ஒரு சக்கரம் பிடித்து வண்டி பக்கவாட்டில் கவிழும். டிஃபரன்ஷியல் லாக் உள்ள வண்டியில் அதன் மிதி நேர்மாறான வேலை செய்கிறது: ஒரு சக்கரம் சேற்றில் வெறுமனே சுழலும்போது இரண்டையும் ஒன்றாகப் பூட்டுகிறது. பூட்டிய நிலையில் திரும்ப முயன்றால் வண்டி திரும்ப மறுக்கும். நேராகப் போகும்போது மட்டும் அழுத்துங்கள். வெளியே வந்ததும் விட்டுவிடுங்கள்.

அளவு காப்பவை

இப்போது இரண்டாம் இனத்துக்கு வருகிறேன். இதில் மூன்றே லிவர்: எஞ்சின் வேகம், கருவியின் உயரம், கலப்பையின் இழுவை.

ஸ்டியரிங்குக்குக் கீழே இருக்கிற கை ஆக்ஸிலேட்டரை எடுத்துக்கொள்வோம். காரில் மிதியை அழுத்தினால் எஞ்சினுக்கு எரிபொருள் கூடுகிறது. மேடு வந்தால் வேகம் குறையும். நீங்கள்தான் இன்னும் அழுத்த வேண்டும். டிராக்டரில் அந்த லிவர் டீசலை அளப்பதில்லை. ‘இந்தச் சுற்றில் ஓடு’ என்று ஓர் அளவை வைக்கிறது. காப்பாற்றுவது பம்பில் இருக்கிற கவர்னர். இயந்திர வகைக் கவர்னரில், சுற்றும்போது விரிகிற சிறு எடைகள் ஒருபுறம் தள்ளும். நீங்கள் லிவரால் இறுக்கிய ஸ்பிரிங் மறுபுறம் தள்ளும். கலப்பை கெட்டி நிலத்தில் மாட்டி எஞ்சின் தளர்ந்தால் எடைகள் சுருங்கும், ஸ்பிரிங் வெல்லும், டீசல் கூடும். பாரம் விலகினால் டீசல் குறையும். ஓட்டுபவர் கையை அசைக்கவே வேண்டாம்.

இதைப் புரிந்துகொண்டால் மூன்று செய்திகள் தானே விளங்கும். ஒன்று, கால் மிதியும் உள்ள வண்டியில் கை லிவரை உயர்த்தி வைத்திருந்தால், காலை எடுத்தாலும் வேகம் அந்த அளவுக்குக் கீழே வராது. சாலையில் ஓட்டும்போது கை லிவரைக் குறைத்து வைத்துவிட்டுத்தான் காலைப் பயன்படுத்த வேண்டும். இரண்டு, உழும்போது கரும்புகை தொடர்ந்து வந்தால், கவர்னர் கொடுக்க முடிந்த டீசலை எல்லாம் கொடுத்தாகிவிட்டது, வைத்த அளவைக் காக்க முடியவில்லை என்று பொருள். அப்போது லிவரை இன்னும் ஏற்றுவதில் பயனில்லை. கியரைக் குறைக்க வேண்டும். மூன்று, பிடிஓவில் கருவி ஓட்டும்போது மீட்டரில் 540 குறியில் வைத்துவிட்டு லிவரை மறந்துவிடலாம். அதற்காகத்தான் அதைக் காலில் கொடுக்காமல் கையில் கொடுத்திருக்கிறார்கள்.

இரண்டாவது, சீட்டுக்கு வலப்புறம் இருக்கும் இரண்டு ஹைட்ராலிக் லிவர்களில் உயரத்தைக் காப்பது. லிவரை எங்கே நிறுத்துகிறீர்களோ அந்த உயரத்தில் கருவி நிற்கும். லிப்ட்டின் தண்டு எவ்வளவு திரும்பியிருக்கிறது என்ற செய்தி உள்ளே இருக்கிற கம்பிகள் வழியாக வால்வுக்குப் போகிறது. உயரம் குறைந்தால் வால்வு திறந்து பம்பு மறுபடி தூக்கும். ரொட்டவேட்டருக்கும் விதைக் கருவிக்கும் இதுவே பொருத்தம். ஸீல் தேய்ந்த வண்டியில் தூக்கிய கருவி சில வினாடிக்கு ஒருமுறை இறங்கி இறங்கி ஏறும். எண்ணெய் கசிந்து உயரம் குறைகிறது, வால்வு அதைத் திருத்துகிறது. எஞ்சினை நிறுத்தினால் திருத்த ஆளில்லை. கருவி தானாகக் கீழே வரும். தூக்கி நிறுத்திய கருவிக்கு அடியில் போய் வேலை செய்யக்கூடாது என்பது இதனால்தான்.

மூன்றாவதுதான் இந்த வண்டியின் மூளை: இழுவை லிவர். இதற்கு ஒரு கதை உண்டு.

ஹாரி பெர்குசன் 1884-இல் அயர்லாந்தின் டவுன் மாவட்டத்தில் பிறந்த உழவர் மகன். 1909-இல் தானே செய்த விமானத்தில் அயர்லாந்தில் முதன்முதலாகப் பறந்தவர். முதல் உலகப் போர்க் காலத்தில் உணவுத் தட்டுப்பாடு. 1917-இல் அயர்லாந்தில் ஓடும் டிராக்டர்களைச் சரியாகப் பயன்படுத்தச் சொல்லித்தரும் பணி அவரிடம் வந்தது. அவர் கண்டது இது: மாட்டுக்குப் பின்னால் கலப்பையைக் கட்டுவதுபோல் டிராக்டருக்குப் பின்னால் கலப்பையைச் சங்கிலியில் கட்டி இழுக்கிறார்கள். கலப்பை ஒரு வேரிலோ பாறையிலோ மாட்டினால் மாடு நின்றுவிடும். டிராக்டர் நிற்காது. சக்கரம் நகர முடியாதபோது வண்டியின் உடல் பின் அச்சைச் சுற்றி மேலே எழும். முன்பக்கம் வானத்தைப் பார்த்து, ஓட்டுபவர்மேல் வண்டி கவிழும். போர்ட்ஸன் டிராக்டர்களில் இப்படிப் பலர் செத்தார்கள்.

பெர்குசனும் அவருடைய கூட்டாளிகள் வில்லி ஸாண்ட்ஸ், ஆர்ச்சி கிரீர் இருவரும் கண்ட வழி, கலப்பையையும் டிராக்டரையும் ஒரே உடலாக்குவது. கீழே இரண்டு கை, மேலே ஒரு டாப் லிங்க். கலப்பை மண்ணில் இழுபடும்போது அதன் மேற்பகுதி முன்னோக்கிச் சாயப் பார்க்கும். அந்த அழுத்தம் டாப் லிங்க் வழியாக வண்டியை முன்னோக்கித் தள்ளும். முன்பக்கம் எழுவதற்குப் பதில் அமுங்கும். இத்தோடு அவர்கள் நிற்கவில்லை. டாப் லிங்க் வண்டியில் சேருமிடத்தில் ஒரு கனத்த ஸ்பிரிங்கை வைத்தார்கள். இழுவை கூடினால் ஸ்பிரிங் அமுங்கும், அந்த அசைவு ஹைட்ராலிக் வால்வைத் திறக்கும், கலப்பை கொஞ்சம் எழும், இழுவை குறையும், மறுபடி இறங்கும். எழும்போது கலப்பையின் பாரமும் பின்சக்கரத்தில் ஏறுகிறது, பிடிப்புக் கூடுகிறது. சிறிய வண்டி பெரிய வேலை செய்வதன் ரகசியம் இதுதான். 1938-இல் ஹென்றி போர்டோடு எழுத்து ஏதுமில்லாமல் கைகுலுக்கி முடித்த ஒப்பந்தத்தில் இந்த ஏற்பாடு 1939-இன் போர்டு 9என் வண்டிக்குப் போனது. பிறகு உறவு முறிந்து வழக்கானது, 1952-இல் 92.5 லட்சம் டாலருக்குச் சமரசமானது.

அந்த ஸ்பிரிங் எவ்வளவு அமுங்கினால் கலப்பை எழ வேண்டும் என்பதை வைப்பதுதான் உங்கள் கையிலிருக்கும் இழுவை லிவர். கவனியுங்கள்: அது ஆழத்தைக் காப்பதில்லை, இழுவையைக் காக்கிறது. ஒரே வயலில் ஒரு பக்கம் களி, ஒரு பக்கம் மணல் என்றால் களியில் கலப்பை மேலோடும், மணலில் ஆழமாகப் போகும். அங்கே ஓட்டுபவர் அவ்வப்போது லிவரைத் திருத்த வேண்டும், அல்லது ஆழம் காக்கும் சக்கரம் வேண்டும். இழுவையே இல்லாத இலேசான கருவியை இந்த லிவரால் இறக்கினால், நிறுத்தச் சொல்லும் செய்தி ஸ்பிரிங்கிலிருந்து வராது. கருவி அடிவரைக்கும் போய்விடும். ஆகவே ஒரு நேரத்தில் இரண்டு லிவர்களில் ஒன்றுதான் வேலை செய்ய வேண்டும். மற்றதை அதற்குரிய இடத்தில் ஒதுக்கி வைக்க வேண்டும்.

இனம் மாறும்போது

விபத்துகளில் பல, இந்த இரண்டு இனத்தையும் குழப்புவதால் வருகின்றன. சேற்றில் மாட்டிய வண்டியில் எஞ்சின் வேகத்தை ஏற்றி வைத்துவிட்டுக் கிளட்ச்சைச் சட்டென்று விடுகிறார்கள். கிளட்ச் வெறும் வழி. அதற்கு நிதானம் தெரியாது. கவர்னரோ வைத்த வேகத்தைக் காப்பாற்ற முழு டீசலையும் கொடுக்கிறது. சக்கரம் நகர இடமில்லை. 1917-இல் பெர்குசன் கண்டது அப்படியே நடக்கிறது. வண்டியை இழுக்கக் கயிற்றை டாப் லிங்க் மாட்டுமிடத்தில் கட்டினாலும் இதே முடிவு; இழுக்கிற பாரத்தை எப்போதும் தாழ்வான டிராபாரில் கட்டுங்கள். பழைய வண்டிகளில் கவிழ்ந்தால் காக்கிற இரும்புச் சட்டம் இருக்காது. புதிய டிராக்டரில் அது இருந்தாக வேண்டும் என்று ஸ்வீடன் 1959-லேயே சட்டம் போட்டது. நம் பழைய வண்டிகளுக்கும் பொருத்தமான இரும்புச் சட்டத்தை மாட்டலாம். அதோடு இருக்கை பெல்ட்டும் வேண்டும்.

கடைசியாக, பழைய டிராக்டர் வாங்கப் போகிறவர்களுக்கு. மீட்டரில் காட்டும் மணிக்கணக்கை அப்படியே நம்பாதீர்கள். பழைய வகை மீட்டர் எஞ்சினின் சுற்றைத்தான் எண்ணுகிறது. மெதுவாக ஓடிய மணி அதில் குறைவாகத்தான் ஏறும். அதைவிட, மூன்று அளவுகளையும் சோதியுங்கள். கை ஆக்ஸிலேட்டரை ஓரிடத்தில் வைத்து வண்டியைப் பாரத்தில் விடுங்கள்; எஞ்சின் ஒரு கணம் தாழ்ந்து, சுதாரித்து, பழைய சுற்றுக்குப் பக்கத்தில் வருகிறதா? கனமான கருவியைத் தூக்கி நிறுத்துங்கள். உயரம் நிற்கிறதா, இறங்கி இறங்கி ஏறுகிறதா? உழுதுகொண்டே கெட்டி மண்ணுக்குள் போங்கள். கலப்பை தானே எழுகிறதா, எஞ்சின் திணறி நிற்கிறதா? வழி இனத்தில் வருகிற பழுது சத்தமாகவும் அதிர்ச்சியாகவும் தன்னைக் காட்டிக்கொடுக்கும். கிளட்ச் வழுக்கினாலும் கியர் உதறினாலும் யாருக்கும் தெரியும். அளவு இனத்தில் வருகிற பழுது அமைதியானது. வண்டி ஓடும், உழும், ஆனால் டீசலும் நேரமும் கொஞ்சம் கொஞ்சமாகப் போய்க்கொண்டிருக்கும்.

இன்று வருகிற பல வண்டிகளில் ஸ்பிரிங்குக்குப் பதில் சென்சார், கம்பிக்குப் பதில் கம்ப்யூட்டர். வேலை அதேதான்: வேகம், உயரம், இழுவை. பழைய மாஸியில் இந்த மூன்றையும் கண்ணால் பார்த்து, கையால் தொட்டுக் கற்றுக்கொள்ளலாம். அதனால் மாணவர்களுக்கு நான் சொல்வது, புதிய வண்டியின் திரையில் தொடங்காதீர்கள். பழைய வண்டியின் டாப் லிங்க் ஸ்பிரிங்கில் தொடங்குங்கள். எது வழி, எது அளவு என்று அங்கே பிரித்தறியத் தெரிந்தவருக்கு எந்த டிராக்டரும் புரியும்.